பால்கூலிச் சேலை

மகளே,

சுகம் விசாரித்துத் தொடங்கினால் வழக்கம்போல மழையையும் அட்டைக்கடியையும் எழுதியே ஒரு பக்கத்தை நிரப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் நேராக விசயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணத்தன்று கோயில் வாசலில் உன் மாமியார் தாம்பாளத்தில் வைத்து நீட்டிய பால்கூலிச் சேலையை நான் ஏன் வாங்கவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெண்ணுக்குப் பால் கொடுத்து வளர்த்தவளுக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒரு சேலை வைக்க வேண்டும், அவள் அதைக் கைநீட்டி வாங்கிய பிறகுதான் பெண் அவர்களுடையவள் என்பது நம் ஆட்களில் வயதானவர்கள் இன்னும் விடாத வழக்கம். உன் மாமியார் ஒரு குறையும் வைக்கவில்லை. அரக்கு நிறம், சரிகைக் கரை, மேலே வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். "இந்தாங்க சம்மந்தி. பத்து மாசம் சொமந்து, பால் குடுத்து வளத்த புள்ளைய எங்களுக்குக் குடுக்குறீங்க. வாங்கிக்கங்க" என்றார். என் இரண்டு கையும் தானாகப் பின்னால் போய்விட்டன. "எனக்கு வேணாங்க. அது எனக்கு உரியது இல்ல" என்றேன். சேலை மட்டம் என்று நான் முகம் சுளித்ததாக ஒரு பேச்சு, சம்பந்தமே எனக்குப் பிடிக்கவில்லை என்று இன்னொரு பேச்சு. நீ மணவறையிலிருந்து எழுந்து வந்து என் காதருகில், "என் மானத்த வாங்கிட்டம்மா" என்றாய். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை.

மூன்று மாதம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர்தான் போன் எடுத்தார். "அத்த, ஒங்க மக முழுகாம இருக்கா" என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். நான் அடுப்பை அணைத்துவிட்டு போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தேன். பிறகு அவர், "கிளினிக்ல மிட்வைஃப் நோனா கேட்டாங்களாம், குடும்பத்துல ஏதும் சீக்கு இருக்கான்னு. அடுத்த கிழம ரத்தம் எடுப்பாங்களாம்" என்றார். பின்னாலிருந்து உன் குரல் வந்தது. "எங்கப்பாவுக்கு டிபி, அண்ணனுக்குச் சளி. வேற என்னா இருந்துச்சுன்னு அவுங்களயே கேளுங்க" என்று நீ சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை, 'அவுங்க' என்றாய். "போன்ல சொல்ல ஏலாது மாப்ள, எழுதி அனுப்புறேன்" என்று வைத்துவிட்டேன். தெரணியகலையில் பஸ் ஏறினால் ஒரு பகலில் பலாங்கொடைக்கு வந்து சேரலாம்தான். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் பழையபடி ஏதாவது பொய்யைச் சொல்லிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். இருபது வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

நீ பயப்படக்கூடாது என்பதால் முடிவை முதலில் சொல்கிறேன். உனக்கு ஒன்றும் இல்லை. ஒன்றரை வயதில் உன் ரத்தத்தைக் கடைசியாகப் பார்த்து, இல்லை என்று எழுதித் தந்த தாளை என் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதன் நகலை இதோடு அனுப்புகிறேன். எனக்கு இருக்கிறது. எச்.ஐ.வி. உன் அப்பாவுக்கு இருந்தது. உன் அண்ணனுக்கும் இருந்தது. அப்பாவின் டிபியும் அண்ணனின் சளியும் பொய்யில்லை, ஆனால் அவற்றுக்குக் கதவைத் திறந்துவிட்டது இதுதான். பிரஷர் மருந்து எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வருவது இதற்காகத்தான். ஒரு நாளும் தவறாமல் மாத்திரை குடிக்கிறேன். இப்போது ரத்தத்தில் தேடினாலும் கிருமி அகப்படாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது என்கிறார்கள். உன் கண்முன்னால்தானே இத்தனை வருடமும் விடியுமுன் எழுந்து ரப்பர் காட்டுக்குப் பால் வெட்டப் போய்வந்தேன். சாகப்போகிறவள் மாதிரியா இருந்தேன்?

உன் அப்பா கெட்டவர் இல்லை. இதை எழுதாமல் மேலே போக மனம் வரவில்லை. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போட்டுக்கொண்டு இருந்தார், மாதம் ஒரு தரம் வருவார், வரும்போது எனக்குப் பிடிக்கும் என்று மஸ்கட் இனிப்பு வாங்கி வருவார். எங்கே, யாரிடமிருந்து இந்தச் சீக்கு வந்தது என்று ஒரு தரம் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். அடுத்த தரம் கேட்கவில்லை. உன் அண்ணன் பிறந்து ஐந்தாம் மாதம், இருமலும் காய்ச்சலுமாக இளைத்துப் போய் வந்து சேர்ந்தவரை ஆஸ்பத்திரியில் வைத்து ரத்தம் பார்த்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இப்போது போல வயிற்றுப் பிள்ளைக்காரிகள் எல்லாருக்கும் அந்தச் சோதனை செய்த காலம் இல்லை அது. என்னைப் பார்த்த டாக்டர் அம்மா சிங்களவர், நல்ல மனுசி. சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று உனக்குத் தெரியும். ஆனால் கடைச் சிங்களம் வேறு, ஆஸ்பத்திரிச் சிங்களம் வேறு. பாதி விளங்கியது. பாலில் கிருமி இருக்கிறது, இன்றோடு நிறுத்து, பால்மா கரைத்துக் கொடு, பிள்ளைக்கு வந்திருக்கிறதா என்று ஒன்றரை வயதுவரை சரியாகச் சொல்ல ஏலாது, ஆனால் நிறுத்தினால் தப்புவதற்கு வழி இருக்கிறது. இவ்வளவும் விளங்கியது. "சரிங்க டாக்டர்" என்றேன்.

அந்தச் 'சரிங்க' இருக்கிறதே, அதுதான் நம் சாபம். கங்காணி சொன்னாலும் சரிங்க, தொரை ஏசினாலும் சரிங்க, டாக்டர் சொன்னாலும் சரிங்க. விளங்கியது என்று அதற்கு அர்த்தம் இல்லை. பேச்சு முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் அர்த்தம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பஸ்ஸில் உன் அண்ணன் என் மடியில் பசித்து அழுதான். பக்கத்தில் இருந்த சிங்களப் பாட்டி, "கிரி தென்ட துவே" என்றார். பால் கொடு மகளே என்கிறார். கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சரிங்க என்ற வாயால் அவனுக்குத் தாலாட்டும் பாடினேன்.

இப்போது ஒரு சிவப்பு மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் அண்ணன் பிறந்து பத்தாம் நாள் மிட்வைஃப் நோனா நம் லயத்து வீட்டுக்கு வந்து, எண்ணெய் அடைத்த ஒரு சிவப்பு மாத்திரையைத் தந்து தன் முன்னாலேயே விழுங்கச் சொன்னார். விட்டமின் ஏ. பிள்ளை பெற்ற எல்லாருக்கும் கொடுப்பதுதான். "இது குடிச்சா பாலுக்கு இறங்கும். பபாட்ட ஹொந்தாய்" என்றார், பிள்ளைக்கு நல்லதாம். கண்ணுக்கு நல்லது, சீக்கை எதிர்க்கப் பலம் தரும் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் கிடையாது. பிழை என்னுடையது. ஐந்து மாதம் கழித்து, பாலில் கிருமி என்று கேட்டு வந்த அன்று, எனக்கு அந்தப் பேச்சுத்தான் நினைவுக்கு வந்தது. பாலுக்கு இறங்கும். அப்படியானால் அது இறங்கி, பாலில் இருக்கும் கெட்டதைச் சுத்தம் செய்துவிடும் என்று நானாக முடிவு கட்டினேன். மருந்து இறங்குகிற வழியில்தான் சீக்கும் இறங்கும் என்று என் மரமண்டைக்கு ஏறவில்லை.

பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த செல்வி அக்காவுக்கு அந்தச் சமயம் பிள்ளை பிறந்திருந்தது. அவளுக்கு நோனா மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மீன் எண்ணெய் வாசம் அடிக்கிறது என்று அவள் அதைச் சீனிப் போத்தலுக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தாள். "அக்கா, ஒனக்கு வேணாம்னா எனக்குக் குடு, எனக்குக் கண்ணு மங்கலா தெரியுது" என்று கேட்டு வாங்கி விழுங்கினேன். டிஸ்பென்சரிக்குப் போய், முன்பு தந்ததை வாந்தி எடுத்துவிட்டேன் என்று புளுகி இன்னொன்று வாங்கினேன். தோட்டத்து மேல் டிவிசனில் பிள்ளை பெற்ற ஒருத்தியிடம் போய் அவளுடையதையும் கேட்டு வாங்கினேன். தலைவலி மண்டையைப் பிளந்தது, சாப்பிட்டது நிற்கவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோசப்பட்டேன். ஒவ்வொன்றையும் விழுங்கிவிட்டு ஒரு பகல் பொறுத்திருந்து, பிறகு உன் அண்ணனை மடியில் போட்டேன். 

ஏன் நிறுத்தவில்லை என்று நீ கேட்பாய். வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவை நினைத்துப் பார். விடியற்காலையில் மரத்தைக் கீறிவிட்டு, சிரட்டையில் பால் வடிந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும் அல்லவா, அந்த நேரத்தில்தான் கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடுவோம். பத்துப் பேர் வரிசையாகக் கால் நீட்டி உட்கார்ந்து மாராப்பை ஒதுக்கும்போது நான் ஒருத்தி மட்டும் சூப்பிப் போத்தலை எடுத்தால் என்ன கேட்பார்கள்? உன் அப்பா வேறு கொழும்பிலிருந்து இளைத்து வந்து படுத்திருக்கிறார். இரண்டையும் முடிச்சுப் போட அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மானத்துக்குப் பயந்தேன் மகளே. பிள்ளைக்குப் பயப்பட வேண்டியவள் மானத்துக்குப் பயந்தேன். அவனும் போத்தலை வைத்தால் நாக்கால் தள்ளித் துப்புவான். அதனால் கிளினிக்குக்குப் போகிற நாளிலும் டாக்டருக்குக் காட்டவும் பால்மா, மற்ற நாளில் என் பால். இரண்டையும் கலந்து கொடுப்பது எல்லாவற்றையும்விட மோசம் என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்படியே ஏழு மாதம் ஓட்டினேன்.

அவனுக்கு ஒரு வயது ஆகும்போது வாயெல்லாம் வெள்ளை படர்ந்தது. வயிற்றோட்டம் நிற்காது. தவழ்ந்த பிள்ளை தவழ்வதை விட்டுவிட்டு உட்கார்ந்தே இருப்பான். ஆனால் சிரிப்பான். நான் ரப்பர் பால் வாளியோடு வருவது தெரிந்தால் கையை ஆட்டி, "பா, பா" என்பான். பாலா, அப்பாவா என்று எனக்கும் உன் அப்பாவுக்கும் செல்லச் சண்டை வரும். இரண்டு வயது முடியவில்லை, மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டி நான்கு நாளில் போய்விட்டான். மூன்றாம் நாள் குழிக்குப் பால் ஊற்றினோம். அந்த அடைமழையில் பசும்பால் எங்கேயும் கிடைக்கவில்லை, வீட்டில் இருந்த டின் பால்மாவைக் கரைத்துத்தான் உன் அப்பா கொண்டுவந்தார். உயிரோடு இருந்தபோது அவன் துப்பிய அதே பால். என்னால் அந்தச் செம்பைத் தொட முடியவில்லை. உன் அப்பாவே ஊற்றினார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று நீ என் வயிற்றில் ஐந்து மாதம். உன்னை நாங்கள் நினைத்துப் பெறவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். பாதுகாப்பாக இருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதற்கும் இருவருமாகச் சரிங்க என்றுதான் சொல்லியிருந்தோம். காரியம் முடிந்த கிழமை நானே பஸ் ஏறிப் போய் அந்த டாக்டர் அம்மா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பால் கொடுத்தேன், பொய் சொன்னேன், சிவப்பு மாத்திரை சுத்தம் செய்யும் என்று நம்பினேன் என்றேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். அந்த மாத்திரை நல்லதுதான், சத்து. ஆனால் இந்தக் கிருமியை அது தடுக்காது. தடுக்கும் என்று வெளிநாட்டுப் பெரிய டாக்டர்மாரும் ஆசையோடு கொடுத்துப் பார்த்தார்களாம், உதவவில்லையாம், சில இடத்தில் பால் வழியாகப் போனது கூடியதாகவும் தெரிந்ததாம். படித்தவர்களும் என்னைப் போலவே நினைத்தார்கள் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அவர்கள் விளங்காததைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள், நான் யாரையும் கேட்கவே இல்லை. "என் மகனுக்கு எப்ப வந்துச்சு டாக்டர், வயித்துலயா, மொத அஞ்சு மாசத்துலயா, அதுக்குப் பெறகா?" என்று கேட்டேன். "அது யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் வராது" என்றார். அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

அன்றிலிருந்து அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்றேன். வயிற்றில் இருக்கும்போதே உனக்காக மாத்திரை, ஆபரேசன் செய்து உன்னை எடுத்தது, நீ பிறந்த நாளே சொட்டு மருந்து, எல்லாம் அப்படித்தான் நடந்தது. பால் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் வந்தது. மூன்றாம் நாள் நெஞ்சு கல்லாகி, நீ அழும்போதெல்லாம் சட்டை நனைந்தது. பக்கத்துக் கட்டில்காரி, மல்லிகைப் பூ வைத்துக் கட்டினால் வற்றும் என்றாள். உன் அப்பா ஆஸ்பத்திரி வாசலில் பூ வாங்கி வந்தார். துணியில் பூவைப் பரப்பி இறுக்கிக் கட்டிக்கொண்டு, உன் வாயில் போத்தலை வைத்தேன். நீ முகத்தைத் திருப்பி என் நெஞ்சைத்தான் தேடினாய். பிறந்து மூன்று நாளான உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. மல்லிகை வாசம் அடித்தால் நான் எழுந்து போய்விடுவேன் என்று நீ எத்தனை தரம் கோபித்திருக்கிறாய். உன் கல்யாணத்துக்கு வந்த பூக்கூடைக்குப் பக்கத்தில் நான் உட்காராததும் அதனால்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு பேச்சுக்குக் குறைவில்லை. செல்வி அக்கா, "ஏன்டி, பச்சப்புள்ள கத்துது. குடு, நா ஒரு வாயி குடுக்குறேன்" என்று கைநீட்டினாள். அதையும் மறுத்தேன். உனக்கு இருந்து அவளுக்குப் போய்விடுமோ என்று பயம். அவளுக்குக் கோபம் வந்து, "சினிமாக்காரி மாதிரி அழகு கொறையும்னு பாக்குறா" என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் சொல்லிச் சிரித்தாள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். புருசனைத் தின்றவள் என்று உன் அப்பா போன பிறகு சேர்த்துக்கொண்டார்கள். உனக்கு அப்போது பத்து மாதம். பிள்ளைக்காம்பராவில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் வரிசையில் நானும் போய் உட்கார்ந்து, பையிலிருந்து சூப்பிப் போத்தலை எடுத்து எல்லாரும் பார்க்கக் கொடுத்தேன். முந்தின பிள்ளைக்கு இல்லாத ரோசம் இந்தப் பிள்ளைக்கு எனக்கு வந்தது. ஒன்றரை வயதில் உன் ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மா 'நெகடிவ்' என்றார். கெட்டது என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, "நே அம்மே, நே" என்றார், இல்லை அம்மா என்று. பிறகு "நல்லது, நல்லது" என்று தமிழில் சொன்னார். அந்த இரண்டு சொல்லையும் எனக்காகவே கேட்டுப் பழகி வந்தாரோ என்று தோன்றியது.

இதெல்லாம் எனக்குப் பெருமை சேர்க்க எழுதவில்லை. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் உனக்குத் தெரிந்த பிழை. தொட்டால் ஒட்டாது, முத்தம் கொடுத்தால் ஒட்டாது, ஒரே தட்டில் தின்றாலும் ஒட்டாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நானும் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். அறிவு நம்பியது, உடம்பு நம்பவில்லை. எனக்குத் தனித் தம்ளர், தனித் தட்டு. நீ காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியைப் புறங்கையால் தொட்டேன். ஓடி வந்து கட்டிக்கொண்டால், "போ போ, வேர்வையா இருக்கு" என்று தள்ளினேன். பால் கொடுக்காததைச் சரி என்று மன்னிக்கலாம், இதை எதில் சேர்ப்பது? பதினாறு வயதில் பெல்மதுளைக்குத் தையல் படிக்கப் போக நீ கேட்டு நான் விடாத அன்று, "ஒரு சொட்டுப் பால் குடுத்தியா எனக்கு? குடுத்திருந்தாத்தான பாசம் இருக்கும்" என்று கத்தினாய். லயம் முழுக்கக் கேட்டது. நான் உன்னை அடித்தேன். முதலும் கடைசியுமாக அடித்தது அதுதான். அடித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெளியே போய் விறகு பிளந்தேன்.

இனி உனக்கு. கிளினிக்கில் ரத்தம் எடுக்கும்போது கையை நீட்டு, பயப்படாதே. எல்லாருக்கும்தான் எடுக்கிறார்கள், அது நம் பிள்ளைகளுக்கு வந்த நல்ல காலம். இன்று ஒருத்திக்கு இருப்பது தெரிந்தாலும் மாத்திரை குடித்துச் சுகமான பிள்ளையைப் பெற்றுக்கொண்டு போகலாம், என்னைப் போல இருட்டில் தடவ வேண்டியதில்லை. நோனா எதைச் சொன்னாலும் சரிங்க என்று எழுந்து வராதே. "விளங்கல நோனா, இன்னொருக்காச் சொல்லுங்க" என்று கேள். முட்டாள் என்று நினைத்தால் நினைக்கட்டும். பிள்ளை பிறந்த பிறகு உனக்கும் ஒரு சிவப்பு மாத்திரை தருவார்கள் என்று நினைக்கிறேன். தந்தால் விழுங்கு, அது சத்துத்தான், உன் பாலுக்கு இறங்கும், நல்லதாகவே இறங்கும். ஆனால் தந்தது போதும், பிறத்தியாருடையதைக் கேட்டு வாங்காதே. உன் வீட்டுக்காரருக்கு என்னைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பது உன் விருப்பம். தங்கமான பிள்ளையாகத்தான் தெரிகிறார். மாமியாரிடம், சேலையில் ஒரு குறையும் இல்லை என்று மட்டும் எனக்காகச் சொல். கிளினிக்கில் எனக்கு மருந்து தருகிற நர்ஸ் பிள்ளை, பேர் இல்லாமல் இதை அச்சில் போட்டால் நாலு பேருக்கு விளங்கும் என்று கேட்கிறாள். அதற்காகத்தான் உன் பேரையோ அண்ணன் பேரையோ எங்கும் எழுதவில்லை. நீ படித்துவிட்டுச் சரி என்றால்தான் கொடுப்பேன். அந்தச் சரி, விளங்கிச் சொல்கிற சரியாக இருக்கட்டும்.

கோயில் வாசலில் பால்கூலி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உன் முகம் தெரியவில்லை. வாளியைப் பார்த்துக் கையாட்டும் உன் அண்ணன்தான் தெரிந்தான். என் பாலைக் குடித்தவன் ரப்பர் காட்டு ஓரத்தில் கிடக்கிறான். குடிக்காதவள் பட்டுச்சேலை கட்டி மணவறையில் உட்கார்ந்திருக்கிறாள். இதில் எந்தப் பாலுக்கு நான் கூலி வாங்குவேன்? எல்லார் முன்னாலும் வாங்கியிருந்தால் அவன் குழியில் இருந்து கோடித் துணியை அவிழ்த்து எடுத்துக் கட்டிக்கொண்டது போல இருந்திருக்கும். அதனால்தான் கை பின்னால் போனது. உன்னை அவமானப்படுத்த இல்லை, பாப்பா.

அந்தச் சேலையை எனக்கு அனுப்ப வேண்டாம். மாமியார் பெட்டியில் இன்னும் இருந்தால் கேட்டு வாங்கி, உன் பிள்ளைக்குத் தொட்டில் கட்டு. நான் கேட்பது வேறு ஒன்று. பிள்ளை பிறந்ததும் என்னைக் கூப்பிடு. தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்றுகூடக் கேட்க மாட்டேன், நீயாகத் தந்தால் வாங்கிக்கொள்வேன், இந்தத் தரம் கையைப் பின்னால் கொண்டுபோக மாட்டேன். நீ பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது நான் அந்தக் காம்பராவில் ஓர் ஓரமாக இருக்க வேண்டும். இத்தனை வயதாகியும், நம் வீட்டில் ஒரு பிள்ளை பயமில்லாமல் பால் குடிப்பதை நான் பார்த்ததில்லை.

உன் அம்மா